பலகையில் இரண்டு ‘ஆம்’

தேர்தலுக்கு மறுநாள் காலையில் மட்டும் பெர்னடீன் தன் கடைக் கரும்பலகையில் பலகாரப் பெயர்களை எழுதமாட்டார். ஆப்பிள் பை, உலர்திராட்சை பை எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, எங்கள் வாக்குச்சாவடியின் கணக்கைச் சுண்ணக்கட்டியால் எழுதி வைப்பார். தீயணைப்பு வண்டிக் கொட்டகையில் உட்கார்ந்து சீட்டுகளை எண்ணுகிற மூன்று பெண்களில் அவரும் ஒருவர். எண்ணி முடித்ததும் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுப் பெட்டியைக் கவுண்டி அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். காபி குடிக்க வருகிறவர்கள் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். எப்போதும் அப்படித்தான் நடக்கிறது. ஊரையும் சுற்றியிருக்கிற பண்ணைகளையும் சேர்த்தால் வாக்காளர்கள் ஒரு பள்ளிப் பேருந்தில் அடங்கிவிடுவார்கள்.

அந்த வருடம் பலகையின் கடைசி வரி சட்டமன்ற உறுப்பினர்களின் பயணப்படி பற்றியது. ஆம் 2. இல்லை 39.

எங்கள் மாநில அரசியல் சட்டத்தில், தலைநகருக்குப் போய்வர உறுப்பினர்களுக்கு மைலுக்கு ஐந்து சென்ட் என்று எழுதியிருக்கிறது. குதிரையிலும் ரயிலிலும் போன காலத்தில் எழுதியது. அதைக் கூட்ட வேண்டுமென்றால் மக்கள்தான் ஓட்டுப் போட வேண்டும். சில வருடங்களுக்கு ஒருமுறை கேட்பார்கள். மக்களும் சலிக்காமல் வேண்டாம் என்பார்கள். இந்த முறையும் மாநிலம் முழுக்க ‘இல்லை’தான் என்று காலையிலேயே வானொலியில் சொல்லிவிட்டார்கள். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. எல்லோரும் பார்த்துச் சிரித்தது பலகையில் இருந்த அந்த இரண்டைத்தான்.

ஏனென்றால் எங்கள் சாவடியில் ஓட்டுப் போடுகிற சட்டமன்றக்காரர்கள் சரியாக இரண்டு பேர். ஒருவர் மாநில மேலவையில் செனட்டரான ஆர்வில் ஹாகன், குடியரசுக் கட்சி. இன்னொருவர் கீழவை உறுப்பினர் லெனார்ட் வெசலி, ஜனநாயகக் கட்சி. இருவருக்கும் மாட்டுப் பண்ணை. இருவர் நிலத்துக்கும் நடுவே ஒரே வேலி. இருவருமே அந்த இலையுதிர்காலம் முழுக்க, கேட்கிறவர்களிடமெல்லாம் “எனக்கு அந்தக் காசு வேணாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். தட்டுகளை வெளியே நீட்டுகிற சன்னல் வழியாக எல்லாம் தெரியும். என்னை யாரும் பார்க்க வேண்டியதில்லை. அந்த வேலை எனக்குப் பிடித்ததே அதனால்தான்.

முதலில் வந்தவர் ஹாகன். தொப்பியைக் கழற்றிக்கொண்டே பலகையைப் படித்தார். அவர் பின்னாலேயே வெசலி, தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். அவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது.

வண்டி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிற டுவேன்தான் ஆரம்பித்தார்.

“பெர்னடீன், இன்னைக்குக் காபிக் காசு இவங்ககிட்ட வாங்காத. பாவம், வண்டி எண்ணெய்க்கே காசில்லாம இருக்காங்க.”

“நான் ஓட்ட எண்ணினேன். யாரு போட்டதுன்னு பாக்கல,” என்றார் பெர்னடீன்.

“பாக்க என்ன இருக்கு? ரெண்டு பேரு, ரெண்டு ஓட்டு. எம் பேரனே கூட்டிருவான்.”

எல்லோரும் சிரித்தார்கள். மூலை மேசையில் உட்கார்ந்திருந்த கிளிஃபர்ட் மோ மட்டும் சிரிக்கவில்லை. அவர் எதற்குமே சிரிப்பவரில்லை. எங்கள் ஊரிலேயே இறுகிய கை அவருடையது. வீட்டிலிருந்து தேயிலைப் பொட்டலம் கொண்டுவந்து, காசில்லாத வெந்நீரை மட்டும் கேட்டு வாங்குவார். தீயணைப்பு வண்டிக்குப் புதுக் குழாய் வாங்கலாமா என்று கேட்டபோதுகூட வேண்டாம் என்று ஓட்டுப் போட்டதாகப் பெருமையாகச் சொன்னவர்.

ஹாகன் வெசலியைப் பார்த்தார். வெசலி ஹாகனைப் பார்த்தார். வழக்கமாக அந்த நேரத்தில் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வார்கள். அன்றைக்கு ஹாகன் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். காபி குடிக்காமலே போனார்.

*

அவர்கள் இருவரையும் தலைநகருக்கு வண்டியில் கூட்டிக்கொண்டு போகிறவள் நான்தான்.

பதினோராம் வகுப்பில் பள்ளியை விட்டேன். படிப்பு வராமலில்லை. எழுந்து நின்று பேசச் சொல்வார்கள், அது வரவில்லை. அதற்கு அடுத்த குளிர்காலம் ஹாகன் எங்கள் வீட்டுக்கு வந்து, “டார்லா, நீ வண்டி நல்லா ஓட்டுவேன்னு சொல்றாங்க. பேசவும் மாட்டியாம். எங்களுக்கு அதுதான் வேணும்,” என்றார். இருட்டில் அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. வெசலியால் இடுப்பு வலியோடு நெடுநேரம் ஓட்ட முடியாது. ஐந்து சென்டில் இரண்டு வண்டி ஓட்டவும் முடியாது. ஆகவே ஹாகனுடைய பிக்கப் வண்டியில் மூன்று பேரும் போவோம். ஜனவரியில் தொடங்குகிற கூட்டத்தொடர் முடியும்வரை, வாராவாரம் திங்கள் விடியலில் கிளம்பினால் வியாழன் மாலை திரும்புவோம். தலைநகரில் நான் சித்தி வீட்டில் தங்கி, ஒரு விடுதியில் பாத்திரம் கழுவுவேன்.

போகும்போது ஆற்றுப் பாலம் வரைக்கும் அவர்கள் சண்டை போடலாம். வரி, பள்ளிக்கூட நிதி, நாய்ச் சட்டம், எதுவானாலும் சரி. பாலத்தின் மேல் சக்கரம் ஏறியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு மாடு, மழை, யாருக்குக் கல்யாணம் என்பது மட்டும்தான். யார் வைத்த விதி என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பாலத்தின் நடுவில் வெசலி வாய்தவறி “அந்த மசோதா” என்று ஆரம்பிக்க, ஹாகன் வண்டியை நிறுத்தச் சொல்லி, அவரை இறங்கி நடந்து வரச் சொன்னார். வெசலியும் இறங்கி நடந்தார். பாலம் முடிகிற இடத்தில் ஏற்றிக்கொண்டோம். அதுவரை இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கும் அன்று வாய்விட்டுச் சிரிப்பு வந்தது.

போன பிப்ரவரியில் வண்டியின் சூடேற்றி செத்துப்போனது. இருவரும் ஒரே குதிரைப் போர்வையை முழங்காலில் போட்டுக்கொண்டு, குளிரவில்லை என்று மாறி மாறிச் சொன்னார்கள். கண்ணாடியின் உள்பக்கம் பனி பிடித்ததை வெசலி தன் வங்கி அட்டையால் சுரண்டிக்கொண்டே வந்தார்.

அந்தத் தேர்தலில் என் முதல் ஓட்டைப் போடுகிறபோது அந்தப் போர்வைதான் ஞாபகத்தில் இருந்தது. பயணப்படிக்கு ‘ஆம்’ என்று போட்டேன். இன்னும் நிறையப் பேர் அப்படிப் போடுவார்கள் என்று நினைத்தேன்.

*

எங்கள் பக்கத்துச் சாலையில் எதிரே வண்டி வந்தால், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் வணக்கம் சொல்வதுபோல ஒரு விரலை மட்டும் தூக்குவோம். தெரிந்தவர், தெரியாதவர், பணம் தராமல் ஏமாற்றியவர், எல்லோருக்கும் அந்த விரல் உண்டு. நிலத்துக்காக வழக்குப் போட்டுக்கொண்ட அண்ணன் தம்பிகள்கூடத் தூக்குவார்கள்.

தேர்தல் முடிந்த அடுத்த வாரம், தீவனம் ஏற்ற ஹாகனோடு போனேன். அவர்தான் ஓட்டினார், பகல் என்பதால். எதிரே வெசலியின் பச்சை வண்டி வந்தது. நான் ஹாகனின் கையையே பார்த்தேன். விரல் எழவில்லை. தலையைத் திருப்பி வெசலியைப் பார்த்தேன். அங்கேயும் எழவில்லை. இரண்டு வண்டியும் ஒன்றையொன்று காணாததுபோலக் கடந்தன.

“ஜனவரியில நான் தனியாப் போயிக்கிறேன், புள்ள,” என்றார் ஹாகன். “ராத்திரிக்குப் போட்டுக்க மஞ்சக் கண்ணாடி வாங்கியிருக்கேன். விளம்பரத்துல நல்லாத் தெரியும்னு சொல்றான்.”

“மிஸ்டர் வெசலி?”

“அவரு காசு வேணும்னு நெனச்சா எங்கிட்ட சொல்லியிருக்கலாம். வாயால வேணாம்னு சொல்லிட்டு, மறைவா வேணும்னு போட்டா? இப்ப ஊரே என்னையும் சேத்துத்தான் சிரிக்குது.”

“நீங்க…”

“நான் ‘இல்லை’ன்னுதான் போட்டேன்.”

மறுநாள் பெர்னடீன் கொடுத்த மீந்த ஆப்பிள் பையை எடுத்துக்கொண்டு வெசலி வீட்டுக்குப் போனேன். அவர் பனிக்காலத்துக்கென்று வைத்திருந்த உயரமான பழைய வண்டியின் கதவடியில் ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி வண்டிக்குள் உட்காரப் பழகிக்கொண்டிருந்தார். ஏறுவதற்குள் முகம் வெளுத்துப்போனது.

“பாத்தியா, ஏறிட்டேன்,” என்றார். “எனக்கு யாரு தயவும் வேணாம். அந்த ஆளு, வரியக் கண்டாலே தனக்கு ஆகாதுன்னு இருவது வருஷமா எங்காதுல ஓதினான். தனக்குன்னு வந்ததும் ‘ஆம்’னு போட்டுட்டான். என் பேரையும் கெடுத்தான்.”

“நீங்க போடலியா?”

“நான் எதுக்குப் போடறேன்?”

அந்த வண்டியில் இரண்டு குளிர்காலம் அவர்களோடு இருந்திருக்கிறேன். கத்துவார்கள், கேலி செய்வார்கள், கோபித்துக்கொள்வார்கள். பொய் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டு பேரையும் நம்பினேன். அப்படியானால் பலகையில் இருப்பதில் ஒன்று என்னுடையது. மற்றது யாருடையதோ.

ஹாகனிடம் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கொட்டிலில் அவர் கன்றுக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது போய் நின்றேன்.

“அந்த ரெண்டுல ஒண்ணு நான் போட்டது,” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் இளகியது. “எங்களுக்காகவா?”

“சூடேத்தி இல்லியே.”

“நல்ல புள்ள,” என்றார். கன்றைத் தட்டி விட்டுவிட்டு ஊசியைத் துடைத்தார். துடைத்தபடியே யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மறுபடி இறுகியது. “அப்ப மீதி ஒண்ணுதான். என்னுது இல்ல, உன்னுது இல்ல. அவருக்கும் காசு தேவைதான், தெரியும். ஆனா ஒத்துக்க மாட்டேங்கறாரே.”

இருந்த கொஞ்ச சந்தேகத்தையும் நானே தீர்த்துவைத்துவிட்டேன். வெசலியிடம் சொன்னாலும் இதே கணக்கைத்தான் போடுவார். அதனால் அவரிடம் சொல்லவில்லை.

டிசம்பர் பிறந்தது. இரண்டு முறை பனி கொட்டியது. பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற சரிவில் ஒரு லாரி புரண்டு கிடந்ததை எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் மஞ்சள் கண்ணாடியையும் பால் பெட்டியையும் நினைத்துக்கொண்டு தட்டுக் கழுவினேன். அந்தச் சரிவில் எந்த இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஹாகனுக்குத் தெரியாது, அந்த இடம் வரும்போதெல்லாம் அவர் சண்டையில் இருப்பார்.

*

லூத்தரன் கோவிலின் நிலவறைக் கூடத்தில் வருடா வருடம் மீன் விருந்து. சோப்புக்குப் போடுகிற காரநீரில் ஊறவைத்த உலர்மீனை வேகவைத்து, உருக்கிய வெண்ணெயை மேலே ஊற்றிச் சாப்பிடுவது. நார்வே வழிவந்தவர்கள் பெருமைக்குச் சாப்பிடுவார்கள், மற்றவர்கள் அவர்களைக் கேலி செய்யச் சாப்பிடுவார்கள். கத்தோலிக்கரான வெசலி ஒவ்வொரு வருடமும் வந்து, ஹாகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இது மீனா சோப்பா என்று கேட்பார். அந்த வருடமும் வந்தார். ஆனால் நீள மேசையின் ஒரு கோடியில் அவர், மறு கோடியில் ஹாகன்.

நான் வெண்ணெய்க் குவளையோடு பரிமாறிக்கொண்டிருந்தேன். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் தட்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனால் அது பெரிய கஷ்டமில்லை.

வெசலியின் தட்டில் ஊற்றும்போது டுவேன் குரல் கொடுத்தார். “பாத்து ஊத்து டார்லா. அவருக்கு வெண்ணெயும் ஆம், எண்ணெயும் ஆம்.”

மேசை முழுக்கச் சிரிப்பு. வெசலி சிரிக்கவில்லை. முள்கரண்டியை வைத்துவிட்டு, தடியைத் தேடினார். எழுந்து போகப் போகிறார் என்று தெரிந்தது. இப்போது போனால் ஜனவரியில் தனியாகத்தான் போவார். அந்தக் கோடியில் ஹாகன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது நான்,” என்றேன்.

எனக்கே கேட்காத அளவு குரல். பெர்னடீனுக்குக் கேட்டிருக்க வேண்டும். கரண்டியால் ஒரு டம்ளரைத் தட்டினார். கூடம் அடங்கியது. அடங்கியது இன்னும் மோசம்.

“என்ன சொன்ன, கண்ணு?”

குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். “பலகையில இருந்த ரெண்டுல ஒண்ணு நான் போட்ட ஓட்டு. மிஸ்டர் ஹாகன் போடல. மிஸ்டர் வெசலியும் போடல. ரெண்டு பேரும் எங்கிட்ட சொன்னாங்க. இன்னொண்ணு போட்டவங்க இங்கதான் இருப்பாங்க. சொல்லணும்னு கட்டாயம் இல்ல. ஆனா இவங்க ரெண்டு பேரும் தனித்தனியாப் போனா, ஒருத்தராவது திரும்பி வரமாட்டாங்க.”

அவ்வளவு நீளமாக நான் யார் முன்னாலும் பேசியதில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பேசினது வீண் என்று நினைத்தேன். சமையலறைக்கு எத்தனை அடி என்று கண் தேடியது.

“மத்தது என்னுது,” என்று ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். கிளிஃபர்ட் மோ. வாயிலிருந்த மீனை மென்று விழுங்கிவிட்டுத்தான் மேலே பேசினார்.

“என்ன பாக்குறீங்க? போட்டேன்.”

“நீயா?” என்றார் டுவேன். “தண்ணிக் குழாய்க்கே வேணாம்னு சொன்ன ஆளுய்யா நீ.”

“குழாய் எம் முன்னால நாப்பது மைல் வேகத்துல போகல. போன பிப்ரவரியில பல் டாக்டரப் பாக்கத் தலைநகருக்குப் போனேன். முன்னால இந்த ரெண்டு பேரு வண்டி. எண்ணெய மிச்சம் பிடிக்க ஊர்ந்து போவுது. பனி. முந்தவும் முடியல. பாலம் வரைக்கும் அவங்க புகையத்தான் குடிச்சேன். பல்லு வலி வேற.” ஒரு வாய் தண்ணீர் குடித்தார். “எண்ணெய்க்காசக் குடுத்துத் தொலைச்சா கொஞ்சம் மிதிப்பாங்களேன்னு போட்டேன்.”

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பிறகு கூடம் முழுக்கச் சிரித்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டுவேன் மேசையை அறைந்ததில் உப்புக் குப்பி உருண்டது.

“இத்தனை நாளு ஏன்யா சொல்லல?” என்றார் பெர்னடீன்.

“யாரும் எங்கிட்ட கேக்கல.”

சிரிப்பு ஓய்ந்தபோது எல்லோர் கண்ணும் மேசையின் இரண்டு கோடிகளுக்கும் போய் வந்தது. ஹாகன் தொண்டையைச் செருமினார்.

“அப்ப நீ ‘இல்லை’ன்னா போட்ட, லெனார்ட்?”

“நாந்தான் சொல்லிக்கிட்டே இருந்தேனே.”

“உங் கட்சி ‘ஆம்’னுல்ல போடச் சொல்லிச்சு?”

“சொல்லிச்சு. உனக்குக் காசு கெடைச்சா நீ தனி வண்டி எடுப்ப. நீ ராத்திரியில தனியா ஓட்டினா, இங்கேருந்து பாலம் வரைக்கும் ஒருத்தன் மாடும் மிஞ்சாது. எம் மாடுதான் ரோட்டோரம் நிக்குது.”

“உன் இடுப்ப வெச்சுக்கிட்டு வண்டியில ஏறுறதுக்குள்ள கூட்டத்தொடரே முடிஞ்சிரும். அதுக்காகத்தான் நானும் ‘இல்லை’ன்னு போட்டேன்.”

“பால் பெட்டி வெச்சிருக்கேன்.”

“கேள்விப்பட்டேன். இங்க வந்து உக்காரு. கழுத்து வலிக்குது.”

வெசலி தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மேசை நீளம் நடந்து ஹாகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டை யாரோ கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினார்கள். அதை முகர்ந்து பார்த்துவிட்டு, “இது மீனா, சோப்பா?” என்றார்.

நான் குவளையோடு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மூச்சு நெஞ்சின் அடிவரை போய்வந்தது. தேர்தலுக்குப் பிறகு அப்படி மூச்சு விட்டதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பெர்னடீன் உள்ளே வந்து, என் கையிலிருந்த குவளையை வாங்கி அடுப்பின் மேல் வைத்தார்.

*

கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முந்தைய வாரம், என்ஜின் எண்ணெய் மாற்ற வேண்டுமென்று பிக்கப்பை டுவேன் தன் கடைக்கு எடுத்துப் போனார். எண்ணெய் மாற்றச் சொன்னதாக ஹாகனுக்கு ஞாபகமில்லை. திங்கள் விடியலில் நான் சாவியைத் திருப்பியபோது காலடியில் இருந்த சூடேற்றித் துளையிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. மூவரும் அந்தத் துளையையே பார்த்தோம்.

“யாரு செஞ்சது?” என்றார் ஹாகன்.

“‘இல்லை’ன்னு போட்ட யாராவதுதான்,” என்றார் வெசலி. “விசாரிக்காத. விசாரிச்சா பிடுங்கிக்குவாங்க.”

குதிரைப் போர்வை மட்டும் எப்போதும்போல இரண்டு முழங்கால்களின் மேலும் கிடந்தது. கவுண்டிச் சாலை தாண்டுவதற்குள் பள்ளிக்கூட நிதியில் ஆரம்பித்துவிட்டார்கள். சத்தம் காதைப் பிளந்தது. சரிவுக்கு முன்னால் நான் வேகத்தைக் குறைத்தேன்.

பின்னால் ஒரு வண்டி நெருங்கி வந்து விளக்கை மினுக்கியது. சரிவு இறங்கியதும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன். கிளிஃபர்ட் மோவின் வண்டி எங்களைக் கடந்தது. அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஆனால் ஸ்டியரிங்கின் மேல் ஒரு விரல் எழுந்தது.

ஹாகன் ஒரு விரலைத் தூக்கினார். வெசலியும் தூக்கினார். ஓட்டுகிறவள் என்பதால் நானும் தூக்கினேன்.

“இப்ப வேகமாப் போறான் பாரு,” என்றார் வெசலி.

“பல் டாக்டர்கிட்டதான் போவான். மிதி, டார்லா,” என்றார் ஹாகன். “பாலம் வர்றதுக்குள்ள இந்த ஆளுக்கு நான் பதில் சொல்லி முடிக்கணும்.”

நான் மிதிக்கவில்லை. பாலம் இன்னும் தூரத்தில் இருந்தது. அவர்கள் முடிக்கட்டும் என்று அதே வேகத்தில் போனேன்.